அரபு பாப் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபு பாப் என்று எதைச் சொல்கிறோம்?

மொராக்கோ முதல் ஓமன் வரை, அரபி பேசும் நாடுகளில் வெளியாகும் வெகுஜனப் பாட்டுகளைத்தான். கெய்ரோ, பெய்ரூத், ரியாத், துபாய், கசப்ளாங்கா எனப் பல ஊர்களில் உருவாகி, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஓடும் பாட்டுகள். நம் ஊரில் வெகுஜன இசை என்றாலே சினிமாப் பாட்டு. அங்கே அப்படி இல்லை. எகிப்தில் ஒரு காலத்தில் சினிமாவும் பாட்டும் ஒட்டிப் பிறந்தவைதான் என்றாலும், கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பாடகரின் ஆல்பமும் தனிப்பாட்டும்தான் மையம். அதனால் ஒரு பாட்டைச் சொல்லும்போது முதலில் வருவது பாடகர் பெயர். மெட்டுப் போடும் இசையமைப்பாளர், கவிஞர், மெட்டுக்கு வாத்தியங்களை அமைக்கும் இசைக்கோப்பாளர் மூவரும் தனித்தனி ஆட்கள். ரசிகர்களில் விவரம் தெரிந்தவர்கள் அந்த மூன்று பெயரையும் பார்த்துத்தான் பாட்டை எடை போடுவார்கள்.

இதன் வேர் எங்கே இருக்கிறது?

கெய்ரோவில். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரபு உலகம் முழுவதற்கும் பாட்டு அங்கிருந்துதான் போனது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும். தெருக்கள் வெறிச்சோடிவிடும் என்று பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரே பாட்டு ஒரு மணி நேரம் போகும். ஒரு வரியைப் பாடுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும், அதே வரியை வேறு விதமாகப் பாடுவார், மறுபடியும் ஆர்ப்பரிப்பு. இப்படிப் பாடுபவரும் கேட்பவரும் சேர்ந்து அடையும் பரவசத்துக்குத் ‘தரப்’ என்று பெயர். அரபு இசையைப் பற்றிப் பேசும் யாரும் இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாது.

அவரோடு நிற்கும் இன்னொரு பெயர் முகமது அப்துல் வஹாப். பாடகர், நடிகர், இசையமைப்பாளர். அரபு வாத்தியக் குழுவுக்குள் மேற்கத்திய வாத்தியங்களையும் நடன தாளங்களையும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இந்த இரண்டு பெரியவர்களும் பல ஆண்டுகள் தனித்தனியாகவே இருந்துவிட்டு, 1964-இல் ‘இந்த்த உம்ரி’ பாட்டுக்காகச் சேர்ந்தார்கள். பத்திரிகைகள் அதை ‘மேகங்களின் சந்திப்பு’ என்று எழுதின. அந்தப் பாட்டில் மின்கிட்டார் வருகிறது. ‘இன்றைய அரபு பாப், மேற்கைப் பார்த்து நேற்று முளைத்தது’ என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினால் போதும். கலப்பு தொடங்கி அறுபது வருஷம் தாண்டிவிட்டது.

அப்துல் ஹலீம் ஹாபிஸ் மூன்றாவது தூண். மைக்கின் அருகில் நின்று, காதோடு பேசுவது மாதிரி பாடியவர். இன்றைய காதல் பாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் அவருடைய சாயல் கொஞ்சம் இருக்கும். உம் குல்தூம் 1975-இலும் அப்துல் ஹலீம் 1977-இலும் மறைந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஒரு யுகம் முடிந்தது போல் ஆயிற்று.

லெபனானில் பாடகி ஃபைரூஸும் அவருக்கு இசையமைத்த ரஹ்பானி சகோதரர்களும் வேறொரு வழியில் போனார்கள். அவர்கள் பாட்டு சுருக்கமானது. மலைக்கிராமத்து நாட்டுப்பாடலின் எளிமையும் மேற்கத்திய இசைக்குழுவின் அமைப்பும் சேர்ந்தது. நாலு நிமிஷப் பாட்டு என்ற வடிவத்துக்கு அவர்களும் ஒரு முன்னோடி.

ஒரு மணி நேரப் பாட்டு எப்படி நாலு நிமிஷமானது?

கேசட்டால். எகிப்தில் வானொலி அரசாங்கத்தின் கையில் இருந்தது. எது நல்ல பாட்டு என்பதை ஒரு குழு தீர்மானித்தது. 1970-களில் கேசட் வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. அஹ்மத் அதவியா என்ற பாடகர், கெய்ரோவின் சாதாரண மக்கள் பேசும் பேச்சிலேயே பாடினார். வானொலி அவரை ஒதுக்கியது. கேசட் கடைகள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின. ‘ஷாபி’ என்ற, தெருவிலிருந்து எழுந்த பாட்டு வகை இப்படித்தான் பெரிதானது.

இன்னொரு பக்கம் 1980-களில் இளைஞர்களுக்கென்று ஒரு பாட்டு பிறந்தது. ‘அல் ஜீல்’, அதாவது தலைமுறைப் பாட்டு என்று அதற்குப் பெயர். இதற்கு முகம் கொடுத்தவர் ஹமீத் அல் ஷாயிரி. லிபியாவின் பெங்காசியிலிருந்து கெய்ரோவுக்கு வந்தவர். சிந்தசைசர், டிரம் மெஷின், அதன் மேல் கைதட்டல், வடஆப்பிரிக்கப் பாலைவனப் பாட்டின் துள்ளல் என்று ஒரு சிக்கனமான கலவையை உண்டாக்கினார். 1988-இல் அவர் இசைக்கோப்பில் அலி ஹுமைதா பாடிய ‘லௌலாகி’ அரபு நாடுகள் முழுக்கப் பறந்தது. மூத்த இசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பரவசம் எங்கே, கவிதை எங்கே என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும், ஹமீத் இல்லையென்றால் அடுத்த தலைமுறை அரபிப் பாட்டையே விட்டுவிட்டு ஆங்கிலப் பாட்டுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வழியின் உச்சம் 1996-இல் வந்த அம்ர் தியாபின் ‘நூர் எல் ஐன்’. இசைக்கோப்பு மறுபடியும் ஹமீத். ஸ்பானிய ஜிப்சி பாணிக் கிட்டார், அக்கார்டியன், கைதட்டல், கூடவே தர்புக்கா என்ற கைமுரசு. ‘ஹபீபி யா நூர் எல் ஐன்’ என்ற அந்தப் பல்லவியைக் கேட்காத தேசம் குறைவு. போர்ட் சயீத் துறைமுக நகரத்தில் பிறந்த தியாப், மத்திய தரைக்கடலின் இரு கரை ஓசைகளையும் ஒன்றாக்கிய இந்தப் பாணியை விடவேயில்லை. 2000-இல் வந்த அவரது ‘தமல்லி மாஆக்’ மெட்டைத்தான் 2004-இல் ‘மர்டர்’ என்ற இந்திப் படத்தில் நாம் கேட்டோம்.

குரல் கேட்ட உடனே ‘இது அரபு’ என்று தெரிந்துவிடுகிறதே, எப்படி?

மகாம். நம் ராகத்துக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். சில ஸ்வரங்கள், அவற்றில் எங்கே நிற்பது, எந்த வழியாக ஏறி இறங்குவது, எங்கிருந்து எந்த மகாமுக்குத் தாவுவது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது ஒரு சந்தோஷமான விஷயம், ஏனென்றால் பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். ‘அஜம்’ மகாமின் ஸ்வரங்கள் சங்கராபரணம். ‘குர்த்’ என்பது தோடியின் ஸ்வரங்கள். ‘ஹிஜாஸ்கார்’ மாயாமாளவகௌளை. ‘ஹிஜாஸ்’ வகுளாபரணத்துக்குப் பக்கம். ‘நஹாவந்த்’ சில நேரம் நடபைரவி, சில நேரம் கீரவாணி. ‘நிக்ரீஸ்’ ஹேமவதி. ‘நவா அஸர்’ சிம்மேந்திர மத்தியமம். ஸ்வரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. தோடியின் கமகத்தை எதிர்பார்த்து குர்த் மகாமைக் கேட்டால் ஏமாற்றம்தான். அங்கே அசைவு சின்னது, குரல் தொண்டையில் லேசாக நடுங்கி அடுத்த ஸ்வரத்துக்குச் சறுக்கும், வரியின் முடிவில் ஒரு சுழிப்பு வரும்.

நம்மிடம் இந்த வடிவில் இல்லாத விஷயம், கால் ஸ்வரம். ‘பயாத்தி’ மகாமின் ரிஷபம் சுத்த ரிஷபமும் இல்லை, சதுச்ருதி ரிஷபமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ‘ராஸ்த்’ மகாமின் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் இடையில். முதல் தடவை கேட்பவர்களுக்கு ஸ்ருதி விலகுகிறதோ என்று தோன்றும். நாலு பாட்டு கேட்டால் அந்த இடம்தான் மிக இனிமையானது என்று காது சொல்லும். அந்த ஸ்வரம் சரியாக எங்கே நிற்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். 1932-இல் மன்னர் ஃபுவாத் கெய்ரோவில் கூட்டிய அரபு இசை மாநாட்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ஹங்கேரியின் பேலா பார்டோக்கும் ஜெர்மனியின் பால் ஹிண்டமித்தும் அங்கே வந்திருந்தார்கள். ஒரு ஸ்தாயியை 24 சம பாகமாகப் பிரித்தால் போதும் என்றவர்களும் போதாது என்றவர்களும் மோதினார்கள்.

இன்றைய பாப் பாட்டுகளில் குர்த், நஹாவந்த், அஜம், ஹிஜாஸ் ஆகியவையே அதிகம். காரணம் எளிது. கிட்டாரிலும் பியானோவிலும் இவற்றுக்குக் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்து, வாசிக்க முடியும். பயாத்தி, ராஸ்த், சபா போன்றவை ஷாபியிலும் வளைகுடாப் பாட்டிலும் தப்கே நடனப் பாட்டிலும் தெம்பாக வாழ்கின்றன. மேல்தட்டு பாப் இவற்றைக் குறைத்துக்கொண்டே போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தக் கால் ஸ்வரம் போனால் அரபு இசையின் உயிரில் ஒரு பாதி போய்விடும்.

கீபோர்டில் கால் ஸ்வரம் வாசிக்க முடியுமா?

முடியும். யமஹா, கோர்க் போன்ற கம்பெனிகள் ‘ஓரியண்டல்’ கீபோர்டுகளைத் தனியாகவே விற்கின்றன. வேண்டிய ஸ்வரத்தை மட்டும் கால் பங்கு இறக்கப் பொத்தான்கள் இருக்கும். திருமண மேடையில் வாசிக்கும் கீபோர்டுக்காரர் ஒரு பாட்டுக்குள்ளேயே அந்தப் பொத்தான்களைத் தட்டித் தட்டி மகாம் மாற்றுவதைப் பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும். அங்கே கீபோர்டுக்குப் பேரே ‘ஓர்க்’தான், ஆர்கன் என்பதன் சுருக்கம்.

தாளம் எப்படி அமைகிறது?

முக்கிய வாத்தியம் தர்புக்கா. எகிப்தில் இதைத் ‘தப்லா’ என்பார்கள், நம் தபேலா வேறு. நடுவில் அடித்தால் ‘தும்’, ஓரத்தில் அடித்தால் ‘தக்’. இந்த இரண்டு சொல்லாலேயே தாளங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எகிப்திய பாப்பின் அடிப்படை ‘மக்சூம்’: தும் தக், தக் தும், தக். எட்டுச் சிற்றடிகளில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு ஆகிய இடங்களில் அடி விழும். இரண்டாவது அடியையும் தும் ஆக்கினால் ‘பலதி’. நடுவில் இரண்டு தும் சேர்ந்து வந்தால் ‘சயீதி’, அது மேல் எகிப்தின், அதாவது தெற்கு எகிப்தின், கிராமத்துத் தாளம். ‘மல்பூஃப்’ இரண்டடித் தாளம், ஓட்டமானது. மேசையில் கையால் தட்டிப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் மக்சூம் பிடிபடும். பிறகு எந்த அம்ர் தியாப் பாட்டைக் கேட்டாலும் டிரம் மெஷினுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

தர்புக்கா தனியாக வருவதில்லை. ரிக் என்ற சின்ன ஜால்ரா வைத்த கஞ்சிரா போன்ற வாத்தியம், தஃப் என்ற வட்டச் சட்ட முரசு, கைதட்டல் எல்லாம் அடுக்கடுக்காகச் சேரும். பதிவுக் கூடத்தில் ஒரே ஆள் நாலைந்து வாத்தியங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்வதும் உண்டு.

அந்த வயலின் கூட்டம் எதற்கு?

இந்த இசையின் குணம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார். உடனே பத்து இருபது வயலின்கள் ஒரே குரலாகப் பதில் சொல்லும். அந்தப் பதில் வாக்கியத்துக்கு ‘லாஸிமா’ என்று பெயர். நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நீண்ட இடையிசை வருமல்லவா, அது வேறு. லாஸிமா வரிக்கு வரி வரும், சில சமயம் இரண்டே விநாடி. பாட்டு ஓர் உரையாடலாக இருப்பது அதனால்தான். உம் குல்தூமின் அரங்கில் கூட்டம் செய்த வேலையைப் பாப் பாட்டில் இந்த வயலின்கள் செய்கின்றன என்று எனக்குத் தோன்றும். நாலு நிமிஷத்துக்குள் தரப் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

இங்கே வயலின்கள் சேர்ந்து வாசிப்பது பெரும்பாலும் ஒரே மெட்டை. மேற்கத்திய இசைக்குழுவில் ஆளுக்கொரு ஸ்வரமாகப் பிரிப்பது போல் இல்லை. ஒவ்வொருவரும் அதே மெட்டை இம்மி வித்தியாசத்தோடு வாசிப்பதால் ஓசைக்கு ஒரு தடிப்பு கிடைக்கிறது. இந்த வேலைக்காக இஸ்தான்புல் வயலின் குழுக்களைத் தேடிப் போகும் அரபு இசைக்கோப்பாளர்கள் நிறையப் பேர். மேலே கானூனின் பொடிச் சிதறலும், ஊதின் ஆழமும், நாயின் மூச்சும் சேரும். கானூன் என்பது பல தந்திகளை மீட்டும் பெட்டி வாத்தியம், ஊத் என்பது குட்டைக் கழுத்துள்ள தந்தி வாத்தியம், நாய் என்பது நாணலில் செய்த புல்லாங்குழல்.

தாளம் தொடங்கும் முன் பாடகர் ஸ்ருதியோடு மட்டும் ஆலாபனை மாதிரி பாடுவதும் உண்டு. அது ‘மவ்வால்’. நம் விருத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மவ்வால் பாடத் தெரியாதவரைப் பெரிய பாடகர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாப் பாட்டிலும் ‘ஹபீபி’ ஏன்?

காதல் பாட்டு அதிகம், ஆகவே அன்பே என்ற விளியும் அதிகம். ஆண் பாடகர் காதலியைப் பாடும்போதும் ஆண்பாலான ‘ஹபீபி’யையே சொல்வது பழைய கவிதை மரபு. அதில் குழம்ப வேண்டாம்.

அரபு நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதானா?

இல்லவே இல்லை. பேச்சு வழக்கே நாட்டுக்கு நாடு மாறுகிறது, பாட்டும் அப்படியே.

எகிப்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதன் வழக்கு எல்லோருக்கும் புரியும், பழைய சினிமாவின் புண்ணியம். அதனால்தான் அல்ஜீரிய வேர் கொண்ட வர்தா, மொராக்கோவின் சமீரா சயீத், லெபனானின் நான்சி அஜ்ரம் எனப் பலர் எகிப்திய வழக்கில் பாடிப் பெரிதானார்கள். ஐக்கிய அமீரகத்தின் ஹுசைன் அல் ஜஸ்மி 2014-இல் எகிப்தியர்களை ஓட்டுப் போட அழைத்துப் பாடிய ‘புஷ்ரத் கைர்’ கூட எகிப்திய வழக்குதான்.

லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனத்தில் தப்கே என்ற வரிசை நடனம் இருக்கிறது. தோளோடு தோள் சேர்த்து, தரையைக் காலால் உதைத்து ஆடுவார்கள். மிஜ்விஸ் என்ற இரட்டைக் குழலின் கூர்மையான ஓசை அதற்கு உரியது. இப்போது அதைக் கீபோர்டிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். நஜ்வா கரம், ஃபாரிஸ் கரம் பாட்டுகளில் இந்த மண்வாசனை தூக்கலாக இருக்கும். எலிஸா, வாயில் கஃபூரி போன்றவர்கள் மென்மையான காதல் பாட்டின் பக்கம்.

வளைகுடாப் பாட்டு, அதாவது ‘கலீஜி’, முற்றிலும் வேறு உலகம். தாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். கைதட்டல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். மிர்வாஸ் என்ற கையடக்க முரசு துள்ளும். கடல் வாணிகத்தால் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் பாரசீகமும் இந்தத் தாளங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. சவூதியின் முகமது அப்தோவும் அப்துல் மஜீத் அப்துல்லாவும் இதன் பெரிய பெயர்கள். துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் டாக்சியில் கேட்டிருப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கும். முதலில் எல்லாப் பாட்டும் ஒன்று போலத் தோன்றும். தாளத்தைப் பிடித்துக்கொண்டால் மெல்லத் திறக்கும்.

இராக்கியப் பாட்டில் துக்கம் அதிகம். காஸிம் அல் ஸாஹிர் அதன் உலக முகம். சிரியக் கவிஞர் நிஸார் கப்பானியின் இலக்கிய அரபிக் கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடி, அவற்றை வெகுஜனப் பாட்டாக்கிக் காட்டியவர். தமிழர்களுக்கு இதில் ஓர் அழகான தொடர்பும் உண்டு. 2002-இல் பிபிசி உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி நேயர்களிடம் உலகின் சிறந்த பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. இளையராஜாவின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம். திருமலை சந்திரன் பாடிய இலங்கைத் தமிழ்ப் பாட்டு ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ ஐந்தாம் இடம். அதற்கு அடுத்த ஆறாம் இடம் காஸிமின் ‘அனா வ லைலா’.

வடஆப்பிரிக்காவில் ‘ராய்’. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் பிறந்த பாட்டு, மது, காதல், நாடு விட்டுப் போதல் என்று ஒளிவுமறைவில்லாமல் பேசும். 1992-இல் காலிதின் ‘திதி’ வந்தபோது இந்தியாவிலும் அது ஒலித்தது. 1999-இல் ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்கோடு ராய் பாடகர் செப் மாமி பாடிய ‘டெசர்ட் ரோஸ்’ இன்னொரு உதாரணம். அங்கே பேசும் வழக்கு கெய்ரோக்காரருக்கே சரியாகப் புரியாது. ஆனாலும் ஆடுவார்.

தொலைக்காட்சியின் பங்கு என்ன?

பெரிய பங்கு. 1990-களில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்ததும் பாட்டு காட்சியாகவும் ஆனது. மையம் கெய்ரோவிலிருந்து பெய்ரூத் பக்கம் நகர்ந்தது. சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் ரோட்டானா, ரெக்கார்டு கம்பெனியும் சேனலுமாகச் சேர்ந்து முன்னணிப் பாடகர்களில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்தது. 2003-இல் நான்சி அஜ்ரமின் ‘அகாஸ்மக் ஆ’ வந்தபோது அதன் வீடியோ பெரிய சர்ச்சையாயிற்று. இயக்கியவர் நதீன் லபாக்கி, பின்னாளில் ‘கஃபர்நவும்’ படத்தால் ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். சர்ச்சையை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், அந்தப் பாட்டு பழைய எகிப்திய மெட்டுக் கட்டுமானத்துக்கு மிக விசுவாசமானது. நான்சி சுத்தமாகப் பாடுகிறவர். காட்சியைப் பார்த்தே அவரை அளந்தவர்கள் குரலைக் கவனிக்கவில்லை.

அதே 2003-இல் ‘ஸ்டார் அகாடமி’, ‘சூப்பர் ஸ்டார்’ போட்டி நிகழ்ச்சிகள் தொடங்கின. நாடுகளே தங்கள் பாடகருக்காக எஸ்எம்எஸ் ஓட்டுப் போட்டன. 2013-இல் ‘அரப் ஐடல்’ போட்டியில் காசாவின் முகமது அஸ்ஸாஃப் வென்ற இரவு, பாலஸ்தீனத் தெருக்களில் மக்கள் திரண்டு கொண்டாடினார்கள்.

மஹ்ரகானாத் என்கிறார்களே, அது என்ன?

கெய்ரோவின் ஏழைப் புறநகர்களில், குறிப்பாக அல் சலாம் போன்ற பகுதிகளில், 2000-களின் நடுவில் கிளம்பிய பாட்டு. தெருக் கல்யாணங்களில் டிஜேக்கள் ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துச் செய்தது. குரல் முழுக்க ஆட்டோடியூன் என்ற ஸ்ருதி திருத்தும் மென்பொருள், தாளம் ஷாபியின் வேகமான வடிவம், வரிகள் வேலையின்மை, துரோகம், நண்பன், போதை பற்றி. ஓகா, ஒர்த்தேகா, சாதாத், ஃபிஃப்டி ஆகியோர் முதல் அலை. ஆட்டோவும் மினிபஸ்ஸும் இதைப் பரப்பின. 2020 பிப்ரவரியில் கெய்ரோ ஸ்டேடியத்தில் ஹசன் ஷாகூஷும் உமர் கமாலும் பாடிய ‘பின்த் எல் கீரான்’ பாட்டின் ஒரு வரியில் மதுவும் கஞ்சாவும் வந்ததால், எகிப்திய இசைக்கலைஞர் சங்கம் இந்த வகைப் பாடகர்கள் எல்லோரையுமே மேடையிலிருந்து தடை செய்தது. அப்போது சங்கத் தலைவர், பழைய பாணிக் காதல் பாடகர் ஹானி ஷாகிர். தடை மேடையை மூடியது, இணையத்தை மூட முடியவில்லை. அஹ்மத் அதவியாவை வானொலி ஒதுக்கிய அதே கதை. சேரிப் பிள்ளைகளின் பாட்டைத் ‘தரமில்லை’ என்று தள்ளுவது எந்த ஊரில் நடந்தாலும் அநியாயம் என்பதே என் கருத்து.

‘அரபிக் குத்து’ அரபு இசையா?

இல்லை. 2022-இல் அனிருத் இசையில், சிவகார்த்திகேயன் எழுதிய அந்தப் பாட்டு தமிழ்க் குத்துதான். ‘ஹபீபோ’ என்பது ஹபீபியை ஒட்டியது, மற்ற பல சொற்கள் அரபி போல ஒலிப்பதற்காகக் கட்டப்பட்டவை. கொண்டாட்டப் பாட்டாக அது நன்றாகவே வேலை செய்கிறது. அரபு இசை இப்படித்தான் இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். லாஸிமாவின் பதில் பேச்சும், கால் ஸ்வரமும் அதில் தேடினால் கிடைக்காது. அதே போல் அரபு பாப் என்றால் வயிற்றாட்ட இசை என்ற நினைப்பும் தவறு. அந்த ஆட்டத்துக்கு ஏற்ற பாட்டுகள் உண்டு, ஆனால் காஸிமின் கவிதைப் பாட்டுக்கு யாரும் அப்படி ஆடுவதில்லை.

அரபு மெட்டுகளை மேற்கு நாடுகள் எடுத்தாண்டது உண்டா?

உண்டு, வழக்கே நடந்தது. அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸியின் ‘பிக் பிம்பின்’ பாட்டில் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் பயன்படுத்திய அந்தக் குழலோசை, 1957-இல் ‘ஃபத்தா அஹ்லாமி’ படத்துக்காக பலீக் ஹம்தி இசையமைத்து அப்துல் ஹலீம் பாடிய ‘குஸாரா குஸாரா’விலிருந்து வந்தது. எகிப்தியச் சட்டத்தில் படைப்பாளியின் ‘தார்மீக உரிமை’ யாருக்கும் விற்க முடியாதது, படைப்பைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஹம்தியின் குடும்ப வாரிசு ஒருவர் 2007-இல் அமெரிக்க நீதிமன்றம் போனார். 2015-இல் வழக்குத் தொடரும் உரிமையே அவருக்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டம் எப்படியோ, பலீக் ஹம்தியின் பெயரை அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அரபு இசையின் மிகப் பெரிய மெட்டுக்காரர்களில் ஒருவர் அவர்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘நூர் எல் ஐன்’ எளிதான வாசல். அதன் பின் நான்சியின் ‘ஆ வ நுஸ்’, ஷிரீன் அப்துல் வஹாபின் ‘ஆ யா லைல்’. ஷிரீனின் குரலில் ஒரு விரிசல் இருக்கும், அந்த விரிசலில்தான் அழகு. அப்புறம் காஸிமின் ‘ஸிதீனி இஷ்கன்’. வளைகுடாவுக்கு ஹுசைன் அல் ஜஸ்மி. தென் எகிப்தின் நூபிய மக்களுடைய தாளம் வேண்டுமென்றால் அஸ்வான் பகுதிக்காரரான முகமது முனீர். இன்றைய தலைமுறையில் நாசரேத்தில் பிறந்த எல்யானா. 2023-இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழா மேடையில் முதன்முதலாக ஒரு முழு நிகழ்ச்சியையும் அரபியிலேயே பாடியவர். காது பழகிய பிறகு ஒரு ராத்திரி, நேரம் ஒதுக்கி, ‘இந்த்த உம்ரி’யை முழுசாகக் கேளுங்கள். அவசரமாகக் கேட்கக் கூடாத பாட்டு அது. ஆரம்ப இசையே பல நிமிஷம் ஓடும், உம் குல்தூம் வாய் திறக்கும் வரை பொறுமை வேண்டும்.

அரபி எழுத்து தெரியாது, பாட்டை எப்படித் தேடுவது?

ஒரே பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், அதனால் ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள். ரோமன் எழுத்துகளுக்கு நடுவே எண்கள் வந்தால் அது தட்டச்சுப் பிழை அல்ல. 3 என்றால் தொண்டையின் அடியிலிருந்து வரும் ‘ஐன்’ எழுத்து, 7 என்றால் அழுத்தமான ‘ஹ’, 2 என்றால் ‘ஹம்ஸா’ என்ற நிறுத்தம். பாட்டுப் பெயரில் எண் வந்தால் இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். 2012-இல் பெய்ரூத்தில் தொடங்கிய அங்காமி செயலியில் அரபுப் பாட்டுகள் ஏராளம். எந்தப் பாட்டுக்கும் விவரக் குறிப்பில் ‘கலிமாத்’ என்று இருந்தால் அது பாடலாசிரியர், ‘அல்ஹான்’ என்றால் மெட்டமைத்தவர், ‘தவ்ஸீஃ’ என்றால் இசைக்கோப்பாளர். பிடித்த பாட்டின் ‘அல்ஹான்’ பெயரைக் குறித்துக்கொண்டு, அதே ஆள் மெட்டமைத்த மற்ற பாட்டுகளைத் தேடிப் போங்கள். பாடகர் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதைவிட இந்த வழியில் நல்ல பாட்டுகள் சீக்கிரம் கையில் சிக்கும்.